ஆண்டு இல்லாத றெக்கைக்காரி

செய்தி வந்தபோது கம்பெனி பேருந்து வல்லக்கோட்டைத் திருப்பத்தில் லாரிகளுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தது. காலை ஷிப்டுக்குப் போகிறவர்களில் பாதிப் பேர் தூக்கத்தில் இருந்தார்கள். என் கைப்பேசியில் இரண்டாம் பெல்ட் குழுவில் முதலில் ஞாயிற்றுக்கிழமை ஓ.டி. பட்டியல் வந்தது. அதற்குக் கீழே கஸ்தூரியின் படம், மாலை போட்டு. அதற்கும் கீழே ஒருவர், பட்டியலில் தன் பெயர் விட்டுப்போயிருக்கிறதே என்று கேட்டிருந்தார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். எங்களுக்கு நல்லது கெட்டது எல்லாம் அந்த ஒரே வழியில்தான் வருகிறது. ஓரகடம் வரைக்கும் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே போனேன். அழுகை வரவில்லை, அலுப்பாக இருந்தது. எட்டு மாதமாக வரும் வரும் என்று பயந்துகொண்டிருந்த செய்தி வந்துசேர்ந்தால் உடம்பு அப்படித்தான் ஆகிவிடும் போலிருக்கிறது.

பெல்ட்டில் கஸ்தூரியோடு நின்றவர்களுக்கு அவரைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. நாணயச் சங்கத்துக் கூட்டங்களில் அவரை ஓரிரு முறை பார்த்தவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். எங்களுடையது பழைய அலுமினியத்தை உருக்கிக் கட்டியாக வார்க்கும் தொழிற்சாலை. அமெரிக்காவில் ஓடித் தேய்ந்த கார்களை அங்கேயே ஷ்ரெட்டர் எந்திரத்தில் போட்டுத் துண்டு துண்டாக்கி, கன்டெய்னரில் ஏற்றி இங்கே அனுப்புகிறார்கள். அந்தத் துண்டுகள் பெல்ட்டில் ஓடும். இரண்டு பக்கமும் பெண்கள் நின்று செம்பு, பித்தளை, ரப்பர், கல் என்று கையால் பொறுக்கிப் பிரிப்பார்கள். கார் சீட்டுக்கு அடியில் என்றைக்கோ விழுந்த சில்லறைக் காசுகளும் அந்தக் குப்பையோடு கடல் தாண்டி வந்துவிடும். கஸ்தூரி பதினான்கு வருடம் அந்தப் பெல்ட்டில் நின்றார். வல்லக்கோட்டைக்குப் பக்கத்து ஊர், பத்தாம் வகுப்பு வரை படிப்பு, வீட்டுக்காரர் ஏழுமலை படப்பையில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். நாற்பத்து மூன்று வயதில் சிறுநீரகம் அவரைக் கைவிட்டுவிட்டது.

நான் சுடலைமுத்து. அதே ஆலையின் ஆய்வகத்தில் வேலை. சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வந்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. என் பெயர் வாயில் நுழையவில்லை என்று கஸ்தூரி முதல் நாளே என்னை 'லேபண்ணா' ஆக்கிவிட்டார். அதன் பிறகு ஆலையில் யாருக்கும் என் பெயர் தெரியாமல் போயிற்று.

முதன்முதலில் அவர் ஆய்வகத்துக்கு வந்தது ஒரு செம்புக் காசோடு. ஒரு பக்கம் தாடிக்காரர், இன்னொரு பக்கம் இரண்டு கோதுமைக் கதிர்.

"இன்னாண்ணா இது, கதிரு போட்டுக்கீது? மத்ததுலலாம் கட்டடம்தான கீது?"

எனக்கு என்ன தெரியும்! "எல்லாம் ஒண்ணுதாம்மா, டிரம்முல போடு" என்றேன். அவர் டிரம்மில் போடவில்லை. ஒரு வாரம் கழித்து வந்து, கட்டடம் வருவதற்கு முன்னால் ஐம்பது வருடம் கதிர்தான் இருந்தது என்று சொன்னார். கைப்பேசியில் தேடி, அகராதி வைத்துக்கொண்டு எழுத்துக் கூட்டிப் படித்திருந்தார். ஷிப்ட் முடிந்து வீட்டுக்குப் போய், சமைத்து, துணி துவைத்து, அதற்கு மேல் இதற்கும் ஒரு உடம்பு எங்கிருந்து வந்தது என்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை.

பெல்ட்டில் கிடைக்கும் காசு எல்லாம் கம்பெனிக்குச் சொந்தம். நீல டிரம்மில் போட்டுவிட வேண்டும். வேறொருவராக இருந்தால் ஒன்றிரண்டை இடுப்பில் செருகிக்கொண்டு போயிருப்பார். கஸ்தூரி ஆலை மேலாளருக்குத் தமிழில் ஒரு விண்ணப்பம் எழுதி எடுத்துக்கொண்டு போனார். 'பழைய அமெரிக்கக் காசுகளைப் பற்றிப் படிக்க விரும்புகிறேன்' என்று அதில் இருந்ததாம். மேலாளர் முதலில் சிரித்தார். பிறகு, புதியவை டிரம்முக்கு, பழையதும் தேய்ந்ததும் இவருக்கு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அந்தத் தாளைக் கஸ்தூரி பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருந்தார். செக்யூரிட்டி மாறும்போதெல்லாம் கேட்டில் அதை நீட்டி முதலிலிருந்து விளக்குவார். நமக்கே பொறுமை போய்விடும். எதற்கு இந்தப் பாடு என்று கேட்டதற்கு, "திருடி வச்சுக்கினு அத்த பத்தி படிக்க மனசு வராதுண்ணா" என்றார்.

போர்க்காலத்தில் செம்பைத் துப்பாக்கிக் குண்டுக்காக மிச்சம் பிடிக்க, அமெரிக்காவில் ஒரு வருடம் மட்டும் அந்தக் கதிர்க் காசை இரும்பில் அடித்தார்கள். இதை அவர் படித்த நாளிலிருந்து இரும்புக் காசு, இரும்புக் காசு என்று ஒரே பேச்சு. பெல்ட்டில் ஒன்றுகூட வரவில்லை. ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் அவரைக் காணோம் என்று தேடினால், காந்த உருளைக்குக் கீழே இருக்கும் இரும்புத் தொட்டிக்குள் கையை விட்டுத் துழாவிக்கொண்டிருக்கிறார். இரும்பாக இருந்தால் பெல்ட்டுக்கு வருவதற்கு முன்பே காந்தம் பிடித்து இந்தப் பக்கம் தள்ளிவிட்டிருக்கும், நான்தான் இத்தனை நாளாக மக்கு மாதிரித் தப்பான இடத்தில் தேடியிருக்கிறேன் என்றார். மூன்று மாதம் தொட்டியைக் கிளறினார். கிடைத்தது. துரு ஏறி, ஒரு கதிரும் ஆண்டின் முதல் மூன்று இலக்கமும் மட்டும் தெரிந்தன. கடைசி இலக்கம் போயிருந்தது.

"இரும்புன்னா அந்த ஒரு வருசம்தானே, நாப்பத்தி மூணுன்னு எழுதும்மா" என்றேன்.

"அடுத்த வருசமும் தப்பித் தவறி கொஞ்சம் இரும்புல அடிச்சுட்டாங்களாம்ணா. இது எதுன்னு எனுக்கு எப்டி தெரியும்? கண்ணுல பாக்காதத நான் எழுத மாட்டேன்."

தன் நீள நோட்டில் கடைசி இலக்கத்துக்குப் பதிலாக ஒரு கோடு போட்டார். அந்த நோட்டில் ஒவ்வொரு காசுக்கும் ஒரு வரி. என்ன காசு, எந்த ஆண்டு, எந்த ஊரில் அடித்தது என்று காட்டும் எழுத்து, எந்த நாள் கிடைத்தது, கடைசிக் கட்டத்தில் எப்படி அடிபட்டது. வெட்டு, நெருப்பு, வளைவு, துரு. வேறு யாரும் அந்தக் கடைசிக் கட்டத்தைப் போட்டு நான் பார்த்ததில்லை. சென்னையில் ஒரு நாணயக் கண்காட்சிக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போயிருந்தார். அங்கே ஒரு வியாபாரி அவர் டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு, இதெல்லாம் குப்பைம்மா, அடிபட்ட காசுக்கு மதிப்பே கிடையாது என்று மூடிக் கொடுத்தார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கஸ்தூரி டப்பாவை வாங்கிப் பையில் வைத்தார். வெளியே வந்து கரும்புச்சாறு குடிக்கும்போதுதான் சொன்னார்: "குப்பைலேர்ந்து தான எடுத்தேன். அவரு கரெக்டாதான் சொல்றாரு. ஆனா அந்தக் காசு எங்கெங்க போய் வந்துச்சுன்னு அந்த அடிதான் சொல்லுது."

இனி என் கதைக்கு வருகிறேன். இதை எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான்.

அமெரிக்கர்கள் முன்பு வெள்ளியில் பத்து சென்ட் காசு அடித்தார்கள். நம் சட்டைப் பொத்தானைவிடக் கொஞ்சம் பெரிது. ஒரு பக்கம் தொப்பியில் இறக்கை வைத்த ஒரு பெண்ணின் முகமும் ஆண்டும் இருக்கும். மறுபக்கம் ஒரு கம்புக் கட்டு, அதன் பக்கத்தில் எந்த ஊரில் அடித்தது என்று காட்டும் ஒரு சிறிய எழுத்து. கஸ்தூரி அதற்கு வைத்த பெயர் றெக்கைக்காரி. அந்தக் காசு வெளிவந்த முதல் வருடத்தில் ஓர் ஊரில் மட்டும் மிகக் குறைவாக அடித்தார்கள். அந்த ஊருக்கு 'டி' எழுத்து. அந்த ஒன்றுக்காக ஆயுசு முழுக்கத் தேடுகிறவர்கள் அங்கே உண்டாம். இரண்டு வருடமாக இதை என்னிடம் சொல்லிக்கொண்டே இருந்தார். காரில் போகிறவன் பாக்கெட்டிலிருந்து அது மட்டும் விழக்கூடாது என்று சட்டமா என்று கேட்பார்.

ஒரு நாள் காலை பத்து மணி டீக்குச் சிறியதாக, கரிக்கட்டை போல ஒன்றைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். எரிந்த பெயிண்டும் கிரீஸும் ஒரு பக்கம் முழுக்க அப்பியிருந்தன, மறுபக்கத்தைப் புகைக்கரி மூடியிருந்தது.

"அளவு பாத்தா றெக்கைக்காரி மாதிரி கீதுண்ணா. வெள்ளியான்னு மட்டும் பாத்து சொல்லு. மீதிய நான் பாத்துக்கறேன்."

"பாக்கேன், வச்சிட்டுப் போ" என்றேன்.

எப்போதும் அவர் என் பக்கத்தில் நின்றுதான் பார்ப்பார். அன்றைக்குப் பெல்ட் மணி அடித்துவிட்டது, ஓடிவிட்டார். எங்களிடம் ஒரு கருவி இருக்கிறது, துப்பாக்கி என்று சொல்வோம். உலோகத்தின் மேல் வைத்து விசையை அழுத்தினால் அதில் என்னென்ன கலந்திருக்கிறது என்று திரையில் வரும். ஆனால் அது மேற்பரப்பைத்தான் பார்க்கும். அழுக்கு இருந்தால் தப்பாகச் சொல்லும். அதனால் எந்தத் துண்டு வந்தாலும் முதலில் கிரைண்டரில் ஒரு தேய், பிறகு துப்பாக்கி. அன்றைக்கு உலையிலிருந்து சோதனைக்கு வந்த மாதிரித் துண்டுகள் என் முன்னால் வரிசையாகக் கிடந்தன. முந்தின ஷிப்டும் நான்தான் பார்த்திருந்தேன். கண் எரிந்தது. கை தன்பாட்டுக்கு ஒவ்வொன்றாக எடுத்துத் தேய்த்துக்கொண்டிருந்தது. எடு, அழுக்குப் பக்கத்தைக் கிரைண்டர் பட்டையில் வை, அழுத்து, அடுத்தது.

மூன்று நொடி இருக்கும். கண்ணாடி போலப் பளபளவென்று ஒரு வட்டம். துப்பாக்கியை வைத்தேன். வெள்ளி தொண்ணூறு பங்கு, செம்பு பத்துப் பங்கு. எனக்குச் சந்தோஷமாக இருந்தது, கஸ்தூரியிடம் உடனே சொல்ல வேண்டும் என்று காசைத் திருப்பினேன். மறுபக்கத்துக் கரியைத் துணியால் துடைத்தேன், கம்புக் கட்டு. அதன் ஓரத்தில் எள்ளளவுக்கு ஒரு டி.

அப்போதுதான் நான் தேய்த்தது எந்தப் பக்கம் என்று உறைத்தது. இறக்கை இல்லை, முகம் இல்லை, ஆண்டு இல்லை. அந்தத் தூள் கிரைண்டருக்குக் கீழே மற்ற தூளோடு கலந்து கிடந்தது. தலையில் அடித்துக்கொண்டேன். வேறு என்ன செய்ய முடியும்?

சாப்பாட்டு நேரத்தில் கஸ்தூரி வந்தார். நான் காசை நீட்டினேன். தேய்ந்த பக்கத்தைக் கட்டைவிரலால் தடவினார். திருப்பி அந்த எழுத்தைப் பார்த்தார். மறுபடி தேய்ந்த பக்கத்தைப் பார்த்தார்.

"தேய்க்க சொல்ல வருசம் எதுனா கண்ணுல பட்டுதாண்ணா?"

"இல்லம்மா. பாக்கவே இல்ல."

மாதிரித் துண்டுகள் வைக்கும் பெட்டி மேல் உட்கார்ந்தார். "வெள்ளிதான?" என்றார்.

"வெள்ளிதான்."

"கேட்டதுக்கு பதில் சொல்லிட்ட இல்ல, வுடு. துன்னியா இல்லியா நீ?"

நான் சாப்பிட்டேனா என்று கேட்டவர் அன்றைக்குத் தன் டிபன் பாக்ஸைத் திறக்கவில்லை. அப்படியே வீட்டுக்குக் கொண்டுபோனார் என்று பெல்ட்டில் சொன்னார்கள்.

அதற்குப் பிறகு ஆண்டைக் கண்டுபிடிக்க அவரிடம் மீதம் இருந்தது அந்த ஒரு டி மட்டும்தான். அதை வைத்தே தேட ஆரம்பித்தார். அந்தக் காலத்தில் அந்த எழுத்தை அச்சில் ஓர் ஆள் கையால் தட்டித்தான் பதிப்பாராம். "நம்மள மாதிரி யாரோ ஒரு ஆளு சுத்தி எடுத்து தட்டுனதுண்ணா. ஒவ்வொரு அச்சுலயும் கொஞ்சம் தள்ளித்தான் குந்திக்கினு கீது. சாஞ்சி கீறதும் உண்டு." ஆகவே எழுத்து உட்கார்ந்திருக்கும் இடத்தையும் வளைவையும் வைத்து வருடத்தைச் சொல்லிவிடலாம் என்று நம்பினார். தினமும் டீ நேரத்தில் என் லென்ஸை வாங்கிக்கொண்டு சன்னலோரம் நிற்பார். கைப்பேசியில் படத்தைப் பெரிதாக்குவார், காசைப் பார்ப்பார், படத்தைப் பார்ப்பார்.

என்னால் அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. ஒரு சொல் திட்டியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும். அவர் வரும் நேரத்தில் உலைப் பக்கம் போய் நின்றுகொள்ள ஆரம்பித்தேன். லென்ஸை மேசையில் வைத்துவிட்டு ஓடிப்போவேன். இரண்டு மாதம் இப்படிக் கண்ணாமூச்சி ஆடினேன், ஐம்பது வயதில்.

ஒரு நாள் உலைக்கே தேடிக்கொண்டு வந்துவிட்டார். முகமெல்லாம் சிரிப்பு.

"கண்டுபுடிச்சிட்டேண்ணா! நாப்பத்தி நாலு. கோடிக் கணக்குல அடிச்சு தள்ளிக்கீறாங்க. ஒண்ணுத்துக்கும் ஆவாது. இதுக்குப் போயி நீ மூஞ்சத் தூக்கி வச்சுக்கினு சுத்தறியே!"

"நிசமாவா?"

"எழுத்து அச்சு அசலா அப்டியே கீதுண்ணா. கண்ணால பாத்தேன்."

எனக்கு நெஞ்சிலிருந்து ஒரு மூட்டையை இறக்கி வைத்தது போல ஆயிற்று. அன்றைக்குக் கேன்டீனில் இரண்டு முறை சோறு வாங்கிச் சாப்பிட்டேன். அதற்குப் பிறகு அந்தக் காசை நான் நினைக்கவே இல்லை. மறப்பதற்கு எனக்கு அவ்வளவு அவசரம்.

அடுத்த வருடம் அவருக்கு முகம் வீங்க ஆரம்பித்தது. வேலையை விட்டார். வாரத்தில் இரண்டு நாள் டயாலிசிஸ். ஷிப்ட், ஓ.டி., வீடு என்று காரணம் சொல்லி நான் போய்ப் பார்த்தது மொத்தம் மூன்று முறை. அதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. கடைசி முறை நான் உள்ளே போனபோது கைப்பேசியை மூக்குக்கு அருகே வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் சட்டென்று போர்வைக்குள் போட்டுக்கொண்டார். ஏதோ சீரியல் பார்க்கிறார் என்று நினைத்துக் கிண்டல் செய்தேன். "ஆமாண்ணா, மாமியா கொடும" என்று சிரித்தார். பெல்ட்டில் புதிதாக ஏதாவது வந்ததா என்று விசாரித்தார். போன வாரம் ஒரு கதிர்க் காசு வந்தது, டிரம்மில் போட்டுவிட்டார்கள் என்றேன். கண்ணை மூடிக்கொண்டார்.

காரியம் எல்லாம் முடிந்த பிறகு ஏழுமலை கைப்பேசியில் கூப்பிட்டார். சுங்குவார்சத்திரம் பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே ஒரு டீக்கடையில் சந்தித்தோம். ஆட்டோ சீட்டுக்கு அடியிலிருந்து டப்பாவையும் நோட்டையும் எடுத்து என் மடியில் வைத்தார்.

"இத்த லேபண்ணனாண்ட குடுத்துடுன்னு சொல்லிக்கினே இருந்துச்சு சார். எனுக்கு இன்னா தெரியும் இதுல."

டீ ஆறட்டும் என்று நோட்டைப் புரட்டினேன். அறுபத்தொன்றாவது வரி. பத்து சென்ட், வெள்ளி, எழுத்து டி. ஆண்டு என்ற கட்டத்தில் 'தெரியவில்லை' என்று மையில் எழுதியிருந்தது. அதற்குக் கீழே பென்சிலில், பொடி எழுத்தில்: 'அண்ணனிடம் 44 என்று சொல்லியிருக்கிறேன்.'

கடைசிக் கட்டத்தைப் பார்த்தேன். எப்படி அடிபட்டது என்ற கட்டம். நோட்டு முழுக்க ஒவ்வொரு காசுக்கும் அதை நிரப்பியிருக்கிறார். இந்த ஒரு வரியில் மட்டும் காலியாக விட்டிருந்தார்.

"ஏழுமலை, இந்தக் காசு எந்த வருசம்னு கண்டுபிடிச்சதா உங்ககிட்ட சொல்லுச்சா?"

"எங்க சார்! ஆஸ்பத்திரில படுத்துக்கினு கூட அந்த எழுத்தையே போன்ல பெருசு பண்ணிப் பண்ணிப் பாத்துக்கினு கெடந்துச்சு. யாருனா தெரிஞ்சவங்கள கேளேன்னு சொன்னேன். கேட்டா லேபண்ணனுக்கு தெரிஞ்சுபூடும், வாணாம்னுச்சு."

டீக்கடையில் உட்கார்ந்து அழுதேன். பேருந்துக்கு நின்றவர்கள் பார்த்தார்கள். பார்த்துவிட்டுப் போகட்டும் என்று இருந்தது. கண்ணால் பார்க்காததை எழுத மாட்டேன் என்று துருப்பிடித்த இரும்புக் காசுக்கே கோடு போட்ட பெண், பார்க்காத ஒன்றைப் பார்த்தேன் என்று ஒரே ஒரு முறை சொன்னார். அதுவும் நான் இரண்டு தட்டுச் சோறு சாப்பிடுவதற்காக. அதற்கு விலையாகத் தன் கேள்வியைக் கடைசி வரை வேறு யாரிடமும் கேட்காமல் வைத்துக்கொண்டார்.

டப்பாவும் நோட்டும் இப்போது ஆய்வகத்தில் என் மேசை இழுப்பறையில் இருக்கின்றன, மேலாளரின் அனுமதித் தாளோடு. துண்டுகளைத் தேய்ப்பதற்கு முன்னால் இரண்டு பக்கமும் திருப்பிப் பார்க்கிறேன். அலுமினியக் கட்டியில் பார்க்க ஒன்றும் இல்லை, ஆனாலும் பார்க்கிறேன். வேலை தாமதமாகிறது என்று சூப்பர்வைசர் முணுமுணுக்கிறார். கஸ்தூரியிடமிருந்து எனக்கு மிஞ்சியது இவ்வளவுதான். ஒரு பக்கம் வழவழப்பான ஒரு காசு, ஒரு நோட்டு, காலம் கடந்து வந்த இந்தப் பழக்கம். நோட்டின் அந்தக் காலிக் கட்டத்தை நேற்று நானே நிரப்பினேன். 'ஆய்வகத்தில் தேய்த்தது. தேய்த்தவன் சுடலைமுத்து.'

நாணயச் சங்கத்து நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த கூட்டத்துக்கு அந்தக் காசைக் கொண்டுவருகிறேன். அந்த எழுத்தைப் பார்த்து வருடம் சொல்லத் தெரிந்தவர்கள், அல்லது தெரிந்தவர்களைத் தெரிந்தவர்கள், நன்றாகப் பார்த்துச் சொல்லுங்கள். கஸ்தூரி தெரிந்துகொள்ளாமல் போன ஆண்டை அவர் நோட்டில் எழுதியாக வேண்டும். அது அந்த முதல் வருடமாகவே இருந்தாலும் என் முகத்துக்காக மாற்றிச் சொல்லாதீர்கள். அதை எனக்காக ஏற்கெனவே ஒருவர் செய்துவிட்டார்.